தழும்பைக் காட்டினால்தான் உதவி வருமா?

வடகொழும்பிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல மூத்த மகள் எழுதிய கடிதம். கடைசிப் பக்கத்தில் நான்கு வரிகள் மட்டும் அவருடைய சொந்தக் கையெழுத்தில். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 47. பிறந்தது ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. 12 வயதில் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். ஒருநாள் சேட்டு கருகிவிட்டதென்று அந்த வீட்டுப் பெண்மணி கொதிக்கும் இஸ்திரிப் பெட்டியை அவருடைய முன்கையில் வைத்து எடுத்தார். தழும்பு இன்னும் இருக்கிறது. 16 வயதில் ஒரு மாலை அங்கிருந்து ஓடிவந்துவிட்டார். கால் போன போக்கில் நடந்து ஒரு ஒழுங்கை வாசலில் குந்தியிருந்தவரை, இடியப்பம் அவித்து விற்ற ஒரு வயதான முஸ்லிம் அம்மா உள்ளே கூப்பிட்டு, சாப்பாடு கொடுத்து, மூன்று வருடம் தன்னோடு வைத்திருந்தார். தொழிலையும் கற்றுக்கொடுத்தார்.

பிறகு திருமணம். கணவர் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை. நல்ல மனிதர். இளைய மகளுக்கு மூன்று வயதாகும்போது மாரடைப்பில் போய்விட்டார். அன்றிலிருந்து விடியற்காலை எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் இரண்டு பெண்பிள்ளைகளையும் வளர்த்திருக்கிறார். மூத்தவள் இப்போது வேலைக்குப் போகிறாள். இளையவளுக்கு 17 வயது, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

2022இல் எரிவாயுவும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை என்றிருந்த நாட்களில், விறகு மூட்டி ஒரு பெரிய பானையில் கஞ்சி காய்ச்சி ஒழுங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். கஞ்சி குடிக்க வந்த பிள்ளைகளுக்கு மூத்த மகள் பாடம் சொல்லிக்கொடுத்தாள். இப்போது அது தினமும் நடக்கும் மாலை வகுப்பு. பிள்ளைகளைத் தொடர்ந்து தாய்மார் வந்தார்கள், தாய்மாரோடு அவர்களுடைய கடனும் கண்ணீரும் வந்தன. கணவன் அடித்தான் என்று இரவில் வந்து கதவைத் தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கைமாற்றாகக் கொடுத்த காசு பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

இந்த நிலையில் யூடியூப் அலைவரிசை நடத்தும் இரண்டு இளைஞர்கள் வந்து, அவருடைய வாழ்க்கையைக் காணொளியாக எடுக்கக் கேட்டிருக்கிறார்கள். தழும்பைக் கிட்டவாகக் காட்ட வேண்டும், வேலை செய்த பழைய வீட்டு வாசலுக்குப் போய் அங்கே நின்று பேச வேண்டும், வகுப்புப் பிள்ளைகளும் அடைக்கலம் வந்த ஒரு பெண்ணும் அதில் வர வேண்டும். வெளிநாட்டிலுள்ள எமது ஆட்கள் பார்த்தால் காசு கொட்டும் என்கிறார்கள். வங்கிக் கணக்கு இலக்கத்தையும் கேட்டிருக்கிறார்கள். மூத்தவள் சம்மதம் என்கிறாள். இளையவள், "நீங்க சூடு வாங்கின கதைய என்ட கூட்டாளிமார் எல்லாரும் ஃபோன்ல பாக்கணுமா அம்மா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டாளாம்.

"எனது கதையைச் சொன்னால் நாலு பேருக்குத் தைரியம் வரும்தானே? மகள் என்னை நினைத்து வெட்கப்படுகிறாளா? வருகிறவர்களுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?" என்பவை மகளின் கையெழுத்தில் உள்ள கேள்விகள். தன் கையால் அவர் எழுதியது வேறு: "2021இல் அந்தப் பிள்ளையின் செய்தி வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. யாருக்கும் தெரியாமல் அழுகிறேன். கஷ்டத்தைத் தாண்டி வந்தவள் இப்படி அழலாமா? அந்த அம்மா சூடு வைத்ததால்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன், அதுவும் நன்மைக்கே என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கையெழுத்திலிருந்தே தொடங்குகிறேன். பிள்ளைகள் முதலாம் வகுப்பில் எழுத்துக் கூட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் பழகிய கையெழுத்து அது. அந்த நான்கு வரிகளுக்குள் இரண்டு விடயங்களைத் தவறாக விளங்கிவைத்திருக்கிறீர்கள். அவற்றைச் சரிசெய்தால் மற்றக் கேள்விகளுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

முதலாவது, அழுகை. 2021 ஜூலையில், மலையகத்திலிருந்து கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு வந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இறந்தாள். நாடே அதைப் பற்றிப் பேசியது. மற்றவர்களுக்கு அது செய்தி. உங்களுக்கு அது உங்கள் கை. அடக்கிவைத்த ஒரு நினைவு, அதே மாதிரியான ஒன்றைக் கேட்டதும் பல வருடம் கழித்தும் உடம்பில் கிளம்பி வருவது மனித இயல்பு. உங்கள் பலம் குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. பெரும் துன்பத்துக்குப் பிறகு சிலர் முன்னைவிட உறுதியாகவும் பிறர்மேல் கூடிய பரிவோடும் வாழ்வதை அமெரிக்காவில் டெடெஸ்கி, கல்ஹவுன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990களில் விரிவாக ஆராய்ந்தார்கள். அதிர்ச்சிக்குப் பின்னான வளர்ச்சி என்று அதைச் சொல்வார்கள். அப்படி வளர்ந்தவருக்கு வலி போய்விடும் என்று அவர்கள் சொல்லவில்லை. வளர்ச்சியும் வலியும் ஒரே ஆளிடம் ஒன்றாகவே இருக்கும். நூறு பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிய கையிலேயே அந்தத் தழும்பும் எரியலாம்.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். சூடு வைத்ததால்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்கிறீர்கள். இல்லை, சகோதரி. அந்தச் சூடு உங்களுக்கு எதையும் தரவில்லை. சூடு பட்டு, பயந்து, வாழ்நாள் முழுக்க யாரையும் நம்ப முடியாமல் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய கதையை யாரும் கேட்பதில்லை. உங்கள் கடிதத்தைத் திரும்பவும் வாசித்துப் பாருங்கள். பசியோடு வாசலில் குந்தியிருந்த ஒரு பெண்பிள்ளையிடம் எந்த ஊர், என்ன சாதி, என்ன சமயம் என்று கேட்காமல் ஒருவர் உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டார். இன்று நீங்கள் செய்வதும் அதையேதான். கஞ்சிப் பானையும் இரவில் திறக்கும் கதவும் அந்த முஸ்லிம் அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்த சீதனம். துன்பம் மனிதரைப் புடம் போடும் என்று மேடைகளில் அழகாகச் சொல்வார்கள். அதை நம்பினால் சூடு வைத்தவளுக்கு நன்றி சொல்ல வேண்டி வரும். என்னால் அதை ஏற்க முடியாது, நீங்களும் ஏற்க வேண்டாம்.

இளைய மகள்

அவள் உங்களை நினைத்து வெட்கப்படவில்லை. அவள் சொன்னதை மூத்தவள் அப்படியே எழுதியிருக்கிறாள், கவனித்துப் பாருங்கள். நீங்கள் வீட்டு வேலை செய்ததைப் பற்றியோ இடியப்பம் விற்பதைப் பற்றியோ அதில் ஒரு சொல்கூட இல்லை. தன் அம்மாவை ஒருவர் சுட்டதை ஊரார் பார்ப்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அது பாசம், கோபம் கலந்த பாசம். 17 வயதில் அதை வேறு விதமாகச் சொல்லத் தெரியாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் கதையில் அவளும் ஒரு பாத்திரம். தகப்பன் இறந்த வீட்டில் மூன்று வயதுப் பிள்ளையாக அவள் நின்ற காட்சியை அந்த இளைஞர்கள் விடமாட்டார்கள். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது வகுப்பிலும் பஸ்ஸிலும் "உங்கட அம்மாதானே அது?" என்ற கேள்வியை எதிர்கொள்ளப்போவது அவள். அவளுடைய பெயரும் முகமும் வரும் இடத்தில் சம்மதம் சொல்லும் உரிமை அவளுக்கும் உண்டு. இரவு மூன்று பேரும் சாப்பிட உட்காரும்போது, முடிவைச் சொல்லாமல், "உனக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை மூத்தவளைப் பேசவிட வேண்டாம். மூத்தவளும் பிழை நினைக்கவில்லை, வகுப்புக்கு மேசையும் கதிரையும் வேண்டுமென்ற ஆசையில் பேசுகிறாள்.

கெமரா வருவதற்கு முன்

கதை சொல்வதால் நன்மை உண்டு என்பதை நானும் நம்புகிறேன். போரில் காணாமல்போன இராணுவ வீரர் ஒருவரின் தாயான விசாகா தர்மதாச, 1998இல் மகன் காணாமல்போன பின் தன்னைப் போன்ற தாய்மாரைத் தேடிப்போய்ச் சங்கம் அமைத்தார். எதிர்த்தரப்பில் பிள்ளைகளை இழந்த தாய்மாரோடும் உட்கார்ந்து பேசினார். ஒரு தாய் வாய் திறந்தால் இன்னொரு தாய்க்கு மூச்சு வரும் என்பதற்கு அவர் சாட்சி. ஆனால் அவர் எதை, யாரிடம், எங்கே சொல்வது என்பதை அவரேதான் தீர்மானித்தார். உங்களிடம் வந்தவர்களோ முதலில் தழும்பைக் கேட்கிறார்கள். இந்த வித்தியாசம்தான் எனக்கு உறுத்துகிறது. வறுமைப்பட்டவர்களின் வீட்டுக்குள் கெமராவோடு நுழைந்து, அழவைத்து, காசுக் கட்டைக் கையில் கொடுக்கும் காணொளிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காசு சில மாதத்தில் கரைந்துவிடும். அழுத முகம் யாருடைய ஃபோனிலாவது இருந்துகொண்டே இருக்கும். ஒருமுறை பரவிய காணொளியை முழுமையாக அழிக்க யாராலும் முடியாது, எடுத்தவர்களாலும் முடியாது.

பழைய வீட்டு வாசலுக்குப் போவதை நான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். உங்கள் மனம் அங்கே நின்று தாங்குமா என்பது முதல் கேள்வி. சட்டச் சிக்கலும் இருக்கிறது. இலங்கையில் அவதூறு குற்றமாகக் கருதப்பட்ட சட்டம் 2002இல் நீக்கப்பட்டாலும், மானநட்டம் கேட்டுச் சிவில் வழக்குப் போட இன்றும் வழியுண்டு. நடந்தது உண்மைதான், ஆனால் இத்தனை வருடம் கழித்து நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். அந்த வீட்டார்மேல் நடவடிக்கை எடுக்க முடியுமா என்று தெரிந்துகொள்ள விரும்பினால் புதுக்கடையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். நியாயம் கேட்க நினைத்தால் அதற்குரிய இடம் அது.

வகுப்புப் பிள்ளைகளின் முகத்தைக் காட்டச் சம்மதிக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. அது பெற்றோருடையது, விளங்கும் வயதென்றால் பிள்ளையிடமும் கேட்க வேண்டும். கஞ்சிக்கு வரும் பிள்ளை என்ற பெயர் பாடசாலையில் ஒருமுறை ஒட்டினால் இலகுவில் போகாது. அடைக்கலம் வந்த பெண்ணைக் காட்டவே கூடாது. அவர் எங்கே இருக்கிறார் என்று கணவனுக்கு நாமே முகவரி கொடுத்தது போலாகும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் உங்களிடம் வந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அவர்களுடைய அடையாளத்தை வெளியிடுவதைத் தண்டனைச் சட்டக்கோவையே குற்றமாக்கியிருக்கிறது.

இனி காசு. உங்கள் சொந்தக் கணக்கு இலக்கத்தைக் காணொளியில் போட இடம் கொடுக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து பலர் சிறிது சிறிதாக அனுப்பும்போது வங்கி விளக்கம் கேட்கலாம். பத்து இலட்சம் ரூபாவும் அதற்கு மேலுமான கொடுக்கல் வாங்கல்களை வங்கிகள் அறிக்கையிட வேண்டும் என்பது இங்குள்ள நடைமுறை. அதைவிடப் பெரிய தொல்லை ஒழுங்கைக்குள்ளேயே வரும். எவ்வளவு வந்தது, யாருக்குக் கொடுத்தாள் என்ற பேச்சு கிளம்பினால் இத்தனை வருட நல்ல பெயரும் ஒரு வாரத்தில் போய்விடும். நம்பிக்கையான ஐந்தாறு தாய்மாரைச் சேர்த்துச் சிறிய சங்கமாக அமையுங்கள். உங்கள் கிராம உத்தியோகத்தரைக் கண்டு, பிரதேச செயலகத்தில் பதிவு செய்யும் வழியைக் கேளுங்கள். தொண்டு அமைப்புகளைப் பதிவு செய்யவென்றே 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சங்கத்தின் பெயரில் கணக்குத் திறந்து, இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் காசு எடுக்கலாம் என்று வையுங்கள். அரிசி வாங்கிய பற்றுச்சீட்டையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் ஒட்டிவையுங்கள்.

உங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. அவர்களுக்கு முடியாது என்று சொல்லிவிடலாம், அதற்குக் காரணம் சொல்லவே தேவையில்லை. அவர்கள் கேட்டபடி செய்யலாம், அதை நான் விரும்பவில்லை. மூன்றாவது, மகளின் பரீட்சை முடியும்வரை தள்ளிவைத்து, பிறகு உங்கள் நிபந்தனையில் சொல்லலாம். நான் இந்த மூன்றாவதைத்தான் சொல்வேன். அப்போதும் கதையை அந்த ஒழுங்கை வாசலிலிருந்து தொடங்குங்கள், முஸ்லிம் அம்மாவிலிருந்து. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டே உங்கள் கதை முழுவதையும் சொல்லலாம். வெளியிடுமுன் எடுத்ததை உங்களுக்கும் இரண்டு மகள்மாருக்கும் காட்ட வேண்டும், வேண்டாம் என்ற பகுதியை நீக்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதற்கு மறுப்பவர்கள் உங்கள் கதைக்குத் தகுந்தவர்கள் இல்லை. கெமரா இல்லாமலும் சொல்லலாம். பக்கத்துக் குடியிருப்புகளிலுள்ள மாதர் சங்கத்தில், பத்துப் பெண்கள் முன்னால் உட்கார்ந்து சொன்னால், அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி அடுத்த நாளே உங்களிடம் வந்து கதைப்பாள்.

இரவில் கதவு தட்டும்போது

இல்லை என்று சொல்லத் தெரியாது என்கிறீர்கள். சிலவற்றுக்கு இல்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டும். கைமாற்றுக் காசை இன்றோடு நிறுத்துங்கள். கொடுத்து வராமல் போன ஒவ்வொரு ஆயிரமும் உங்கள் மாவுக்கும் தேங்காய்க்குமான முதல். "காசு என்னட்ட இல்ல, சாப்பாடு இருக்கு, உட்காருங்க" என்று சொல்லலாம். அது பொய்யுமில்லை, விரட்டுவதுமில்லை.

அடிபட்டு வரும் பெண்ணை உள்ளே எடுங்கள், அதைத் தடுக்க மாட்டேன். ஆனால் மூன்று பெண்கள் மட்டும் இருக்கும் வீடு உங்களுடையது. ஆத்திரத்தில் பின்னால் வரும் கணவனை மறிக்க உங்களால் முடியாது. அதே இரவில் பொலிஸுக்கும், பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கும் அறிவியுங்கள். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், பெண்கள் பிரிவைக் கேளுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் பதியக் கேட்கும் உரிமை உண்டு, விளங்காத மொழியில் எழுதியதில் யாரும் கையெழுத்து வைக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், பாதிக்கப்பட்ட பெண் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் 14 நாட்கள்வரை இடைக்காலக் கட்டளையும், விசாரணைக்குப் பின் 12 மாதங்கள்வரை கட்டளையும் கிடைக்கலாம். கணவனை அடைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் பல பெண்கள் பின்வாங்குகிறார்கள். அடிக்கக் கூடாது, கிட்ட வரக் கூடாது என்று அவனுக்கு விதிக்கும் தடைதான் அது. அதை மீறினால்தான் தண்டனை. கொழும்பில் 1987 முதல் இயங்கும் விமன் இன் நீட் அமைப்பும் இப்படியான பெண்களுக்குச் சட்ட உதவியும் உளவளத்துணையும் செய்கிறது. பிள்ளைக்குக் கொடுமை நடப்பதாகத் தெரிந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கு அழையுங்கள். இந்த இலக்கங்களைச் சமையலறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மகள்மாரும் பார்த்து அழைக்கலாம்.

வாரத்தில் ஒரு மாலையாவது வகுப்பும் கதைகேட்பும் இல்லாத மாலையாக இருக்கட்டும். மற்றவர்களின் துயரத்தைக் கேட்பதையே தொழிலாகக் கொண்ட நாங்களும் முறை போட்டு, ஓய்வு எடுத்து, மனம் கனத்தால் இன்னொரு உளவளத்துணையாளரிடம் போய் இறக்கிவைக்கிறோம். நீங்கள் விடியற்காலையில் எழும்பி இடியப்பமும் அவித்து, இரவு பதினொரு மணிவரை கேட்டுக்கொண்டும் இருக்கிறீர்கள்.

உங்களுக்கு நீரிழிவு இருப்பதாக மகள் கடிதத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறாள். தூக்கமின்மை அதையும் கூட்டும். அடுத்த கிளினிக் நாளில் சீனி அளவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், இத்தனை காலமாகத் தூக்கமில்லை, பழைய நினைவு வருகிறது என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். மனநலப் பிரிவுக்கு எழுதித் தரும்படி கேளுங்கள். பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம், தூக்கத்துக்கும் இப்படியான நினைவுகளுக்கும் நல்ல சிகிச்சை உண்டு. இரவில் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். கிளினிக்குக்கு மூத்த மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கு எழுதிய அந்த நான்கு வரிகளையும் ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோய், சொல்ல வாய் வராவிட்டால் வைத்தியரிடம் நீட்டுங்கள்.